பாதியில் எழுந்துபோக முடிகிற ஆட்டங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டு வீடியோ கேம் ஆடுகிறவர்கள் ஒரு ஆட்டத்தைப் பற்றி முதலில் கேட்கவேண்டியது, பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோக முடியுமா என்பதைத்தான். படம் எப்படி, கதை எப்படி, யார் யார் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். இதை நான் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த விஷயத்தைத் தொடுவதே இல்லை.

நான் டவுனுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடையில் இருக்கிறேன். குலை ஏற்றிய லாரி வரும், எடை போடவேண்டும், கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் லாரியை இன்னொரு தடவை எடை போட்டு அனுப்பவேண்டும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்தாக வேண்டும், தள்ளிப்போனால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் காய்ப்பு கூடுகிற மாதங்களில் நடுராத்திரி தாண்டியும் லாரி வந்துகொண்டிருக்கும். வீட்டில் அம்மா, அக்கா, அக்கா மகன். சாயங்காலம் இடி இடித்தால் கரண்டு போகும், வரும், மறுபடி போகும். என்னுடைய லேப்டாப்பின் பாட்டரி செத்துப்போய் ரொம்ப நாளாகிறது, ஒயரை உருவினால் திரை அணைந்துவிடும். ஆக எனக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அந்தத் துண்டுகளுக்குள் எந்த ஆட்டம் உட்காருகிறது, எது உட்காரவில்லை என்று பார்த்து வைத்திருக்கிறேன். இப்போது ஆடிக்கொண்டிருப்பவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஸ்டார்டியூ வேலி. 2016இல் வந்தது, எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், இசை, எழுத்து, கணினி நிரல் எல்லாவற்றையும் செய்த ஆட்டம். ஆபீஸ் வேலையில் நொந்துபோன ஒருவருக்குத் தாத்தா ஒரு பழைய தோட்டத்தை எழுதி வைத்துவிட்டுப் போகிறார், அங்கே போய்ப் பயிர் செய்யவேண்டும், மீன் பிடிக்கவேண்டும், ஊர் ஆட்களோடு பழகவேண்டும். அவ்வளவுதான். பழைய லேப்டாப்பிலும் ஓடும், இணையம் வேண்டாம், இறக்கிக்கொள்ளவும் ஒரு ஜிபிகூடத் தேவையில்லை.

இந்த ஆட்டத்தின் கடிகாரத்தை முதலில் புரிந்துகொள்ளவேண்டும். காலை 6 மணிக்கு எழுந்தால் விடியற்காலை 2 மணிக்குள் படுத்துவிடவேண்டும். ஆட்டத்தில் 10 நிமிடம் என்பது நமக்கு ஏறக்குறைய 7 விநாடி, ஆகவே ஒரு முழு நாள் சுமார் 14 நிமிடத்தில் முடிந்துவிடும். படுத்துத் தூங்கினால்தான் ஆட்டம் சேமிக்கும். அதாவது நீங்கள் சாயங்காலம் ஆறு மணிவரை சுரங்கத்தில் தாமிரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் அன்று காலையிலிருந்து செய்தது எல்லாம் போச்சு, மறுபடி ஆறு மணியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். போனில் ஆடினால் இந்தக் கஷ்டம் குறைவு, ஆட்டத்தை விட்டு வெளியே போகும்போது அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: மேகம் கறுத்தால் ஆட்டத்துக்குள் பொழுது எத்தனை மணியானாலும் சரி, உடனே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். பயிருக்குக் காலையிலேயே தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்றால் அன்றைய நாளில் பெரிதாக ஒன்றும் போகாது. மற்றபடி யாராவது கூப்பிட்டால் மெனுவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்துபோகலாம், தனியாக ஆடும்போது மெனு திறந்திருக்கிற வரைக்கும் நேரம் நின்றிருக்கும். எனக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று வெறும் வார்த்தையில் சொல்ல முடியாது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்னும் சில. காலையில் எழுந்ததும் வீட்டில் இருக்கிற டிவியைப் போட்டு வானிலை பாருங்கள், நாளைக்கு மழை என்றால் நாளைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம், அந்த நாளைச் சுரங்கத்துக்கு ஒதுக்கலாம். ஒரு பருவம் 28 நாள், பருவம் மாறினால் அந்தப் பருவத்துப் பயிர் அப்படியே பட்டுப்போகும், ஆகவே மாதக் கடைசியில் விதை வாங்குவதற்கு முன்னால் எத்தனை நாளில் விளையும் என்று பார்த்து வாங்குங்கள். மீன் பிடிப்பது முதலில் எல்லாரையும் அழவைக்கும். கடற்கரைக் கடையில் 25 காசுக்குப் பழகுகிறவர்களுக்கான தூண்டில் ஒன்று விற்கிறது, அதை வாங்கிக் கை பழகினபிறகு நல்ல தூண்டிலுக்குப் போங்கள். ராத்திரி 2 மணி வரைக்கும் வெளியே சுற்றி மயங்கி விழுந்தால் கையில் இருக்கிற காசில் ஒரு பங்கு போய்விடும்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கருவி, மரத்தில் மாட்டி வடிகிறதைப் பிடிக்கிற வாளி. 40 மரக்கட்டையும் 2 தாமிரக் கட்டியும் இருந்தால் செய்யலாம். அதை ஓக் மரத்தில் மாட்டினால் ஒரு வாரத்தில் பிசின் வடிந்திருக்கும், மேப்பிள் மரத்தில் மாட்டினால் பாகு, பைன் மரத்தில் மாட்டினால் தார். அம்மா சீரியல் முடிந்து ஒரு நாள் என் பின்னால் வந்து நின்றபோது நான் வரிசையாக மரங்களுக்கு இதை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட ஆரம்பித்தவர், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிற வரைக்கும் வெட்டினார்.

"ஏம்பா, பட்டைய வெட்டாம எப்படிப் பால் வரும்?" என்றார்.

நான் அது ரப்பர் இல்லையம்மா, வேற மரம் என்றேன். எந்த மரமாக இருந்தாலும் வெட்டினால்தானே வடியும் என்று அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு என் முழங்கையைப் பிடித்து, அதன்மேல் விரலால் சரிவாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே, மரத்தைப் பாதிச் சுற்று வருகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் காகிதத்தைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் பட்டையைச் சீவவேண்டும், கத்தி உள்ளே ஆழமாக இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாக ஆறும், அப்புறம் பட்டை வளர்ந்தாலும் அதில் கத்தி ஓடாது, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வந்து பார்த்தால் அன்றைக்கு ஏச்சுதான். இருட்டோடு, ஆளெண்ணுகிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும், அதற்குக் காரணம் குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் இருக்கிற அழுத்தம்தான் என்று நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு கிடையாது, பால் கோட்டை விட்டு மரம் பூராவும் பரவிவிடும், பால் பிடிக்கிற மங்கில் தண்ணீர்தான் நிற்கும். ஆட்டத்தில் மழை கொட்டுகிறது, வாளியோ தன்பாட்டுக்கு நிறைகிறது. "மழையிலயும் சம்பளம் உண்டா இதுல?" என்று கேட்டார். உண்டு என்றேன். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

அப்புறம் இன்னொன்று கேட்டார், அது என்னை விட்டுப் போகவே இல்லை. இந்த நிலம் யாருடையது என்றார். தாத்தா கொடுத்தது, இவனுடைய சொந்த நிலம் என்றேன். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார், அவர் இந்த சுங்கை சிப்புட் தொகுதிக்காரர். எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றைக்கும் அந்தப் பங்குப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக இன்னொருவர் மண்ணில் வெட்டியவர்களின் பிள்ளை நான், ஒரு துண்டு நிலத்தில் நானே முடிவு செய்து விதைக்கிறேன் என்பது, விளையாட்டே ஆனாலும், எனக்கு லேசான விஷயம் இல்லை. இந்த ஆட்டத்தை மனதை அமைதிப்படுத்துகிற ஆட்டம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட அதிகமாகத் தெரிகிறது.

சரி, அடுத்தது பலாட்ரோ, சீட்டு இறக்கி மதிப்பெண் சேர்க்கிற ஆட்டம். 2024 பிப்ரவரியில் வந்தது, அதே வருஷம் செப்டம்பரில் போனுக்கும் வந்துவிட்டது. எடைமேடையில் சாப்பாட்டு நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குக் கிடைக்கவில்லை. எந்த நொடியில் மூடினாலும் அதே சீட்டுகளோடு அதே இடத்தில் திறக்கும், இணையமும் வேண்டாம். லாரி ஹார்ன் அடித்தால் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடலாம்.

திரையில் சீட்டு தெரிகிறது என்பதால் வீட்டில் கேள்வி வரும், எங்கள் வீட்டிலும் வந்தது. தோட்டத்தில் சீட்டாலும் நம்பர் லாட்டரியாலும் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் பயப்படுவது நியாயம், அதைச் சிரித்துத் தள்ளக்கூடாது. உட்காரவைத்துக் காட்டுங்கள்: உள்ளே காசு கட்டுகிற இடமே இல்லை, ஒரு தடவை விலைக்கு வாங்கினால் முடிந்தது, ஜெயித்தாலும் வெளியே எடுக்க ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில்கூட இதற்கு 18 வயது என்று முத்திரை குத்தி, அப்புறம் 2025இல் 12 என்று குறைத்தார்கள். எங்கள் அக்கா முழுதாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இது கணக்குப் பாடம் என்று சொல்லி மகனுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்.

கணக்குப் பாடம்தான். ஒரு தடவை இறக்குகிற சீட்டுகளுக்குக் கை என்று பேர். ஒவ்வொரு கைக்கும் சில்லு ஒரு எண், பெருக்கெண் ஒன்று, இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண். ஒரு ஜோடிக்கு அடிப்படை 10 சில்லு, பெருக்கெண் 2. இரண்டு ராஜாவை இறக்கினால் ஒவ்வொன்றுக்கும் 10 சேர்ந்து 30, பெருக்கினால் 60. முதல் தடையைத் தாண்ட 300 வேண்டும், இறக்குவதற்கு இருப்பதோ 4 கை, ஆக நாலு தடவையும் ராஜா ஜோடியே வந்தாலும் 240தான், தோற்றுவிடுவீர்கள். பெருக்கெண்ணில் 4 கூட்டுகிற சாதாரண ஜோக்கர், அதாவது ஆட்டத்துக்குள் இருக்கிற கடையில் வாங்குகிற தனிச் சீட்டு, ஒன்று இருந்தால் அதே ஜோடி 30ஐ 6ஆல் பெருக்கி 180 ஆகிவிடும், இரண்டே கையில் தாண்டலாம். இதுதான் மொத்த ஆட்டமும். நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவர்கள் தோற்பார்கள், ஜோக்கரைப் பார்த்து அடுக்குகிறவர்கள் மேலே போவார்கள். எட்டாவது கட்டத்தின் கடைசித் தடைக்குச் சாதாரணமாக 100,000 வேண்டும் என்பதைப் பார்த்தால், வெறும் சீட்டை நம்பி அங்கே போகவே முடியாது என்று புரியும்.

ஜோக்கர்களை வைக்கிற வரிசையும் கணக்கில் வரும், இடமிருந்து வலமாகத்தான் வேலை செய்யும். இரண்டு ஜோடி இறக்கினால் 10 கூட்டுகிற ஒரு ஜோக்கரும், ஜோடி இருந்தால் இரண்டால் பெருக்குகிற இன்னொரு ஜோக்கரும் இருக்கிறார்கள் என்று வையுங்கள். கூட்டுகிறவர் இடப்பக்கம் இருந்தால் 2ஓடு 10 சேர்ந்து 12, அதை இரண்டால் பெருக்கினால் 24. மாற்றி வைத்தால் 2 பெருக்கல் 2, அதோடு 10, வெறும் 14. விரலால் இழுத்து இடம் மாற்றினாலே போதும், ஆனால் இதைக் கவனிக்காமல் ஆடுகிறவர்கள் ரொம்பப் பேர். பிறகு ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கிற பொய்க்காசு: கையில் இருக்கிற ஒவ்வொரு 5 டாலருக்கும் சுற்று முடிவில் 1 டாலர் வட்டி, அதிகபட்சம் 5. ஆகவே 25 டாலர் சேர்ந்தபிறகு அதற்குக் கீழே இறங்காமல் கடையில் வாங்கப் பாருங்கள். முதல் இரண்டு கட்டத்தில் மட்டும் வட்டியை மறந்துவிட்டு ஜோக்கருக்குச் செலவழிக்கலாம்.

போனில் அணி அணியாக மோதுகிற மொபைல் லெஜண்ட்ஸ் பற்றிச் சொல்லாமல் மலேசியாவில் ஆட்டங்களைப் பற்றி எழுத முடியாது. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கடை போட்டிருக்கிற பையனிலிருந்து எங்கள் ஆலையில் பாய்லர் பார்க்கிற அண்ணன் வரைக்கும் ஆடுகிறார்கள். 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த போட்டியில் மலேசிய அணியான செலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் இறுதியாட்டத்தை 4க்கு 3 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியபோது இங்கே மாமாக் சாப்பாட்டுக் கடையில் பந்தாட்டத்துக்குக் கத்துகிற மாதிரிக் கத்தினார்கள். அதே வருஷக் கடைசியில் உலகப் போட்டியே கோலாலம்பூரில் நடந்தது. மலாய்க்காரப் பையன், சீனப் பையன், நாங்கள் எல்லாம் ஒரே மேசையில் ஒரே அணியாக உட்காருகிற இடங்கள் குறைந்துகொண்டு வருகிற காலத்தில் இந்த ஆட்டம் அதைச் செய்கிறது, அதற்காகவே நான் இதை மதிக்கிறேன்.

ஆனால் நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு இது நேர் எதிரான பதில். ஐந்து பேருக்கு ஐந்து பேர், பத்துப் பதினைந்து நிமிடம், சில நேரம் இருபதைத் தாண்டும், நடுவில் நிறுத்துவது கிடையாது. நீங்கள் எழுந்துபோனால் மற்ற நாலு பேரும் ஒரு ஆள் குறைவாக ஆடித் தோற்பார்கள், உங்களுக்கும் நன்னடத்தை மதிப்பெண் குறையும், ரொம்பக் குறைந்தால் தரவரிசைக்கு ஆடுகிற ரேங்க் ஆட்டத்துக்கு உள்ளேயே விடாது. எனவே எனக்கென்று சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறேன். வேலை நாளில் ரேங்க் ஆட்டம் தொடுவதில்லை, வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தாலும் தொடுவதில்லை, ஏனென்றால் எந்த நேரமும் தேங்காய் துருவக் கூப்பிடுவார். வானம் இடித்தால் வைஃபையை நம்பாமல் போன் டேட்டாவுக்கு மாறிக்கொள்வேன். லைன் அறுந்துவிட்டால் பதறவேண்டாம், ஆட்டம் முடிவதற்குள் திரும்ப உள்ளே போகலாம், நேரத்தைக் கடத்தாமல் உடனே போங்கள்.

அணிக்குள் எந்த வேலையை எடுப்பது என்பதற்கும் என்னிடம் ஒரு கருத்து இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கொல்லுகிற வீரர்களையே எடுக்கிறார்கள். முன்னால் நின்று தாங்குகிற ஆளாகப் பழகுங்கள், டிக்ரியல் என்கிற வீரன் மாதிரி. அவனுடைய கடைசி சக்தி சுற்றி நிற்கிற எதிரிகளை எல்லாம் நடுவில் இழுத்துப்போடும், அதற்கு விரல் வேகத்தைவிடப் பொறுமைதான் முக்கியம். எதிரிகள் மூன்று பேர் நெருங்கி நிற்கிற வரைக்கும் புதரில் காத்திருந்து இழுத்தீர்களானால் உங்கள் அணியில் இருக்கிற பதினைந்து வயதுப் பையன் மீதியைப் பார்த்துக்கொள்வான். நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே வருகிறது.

அக்கா மகன் கென்ஷின் இம்பாக்ட் ஆடுகிறான், நான் பக்கத்தில் இருந்து பார்ப்பதோடு சரி. அதை எப்போது வேண்டுமானாலும் மூடலாம், ஆனால் அது உங்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பரிசு எடுக்கத் தேவைப்படும் ரெசின் என்கிற சக்தி 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 200 வந்ததும் நின்றுவிடும், அதாவது ஒரு நாளுக்குச் சற்று மேலே வராமல் இருந்தால் நஷ்டம் என்று பிள்ளைக்குத் தோன்றும். அந்த நஷ்டம் நிஜமான நஷ்டம் இல்லை என்று உட்கார்ந்து பேசவேண்டும், திட்டிப் பிரயோஜனமில்லை. அதைவிட முக்கியம், புது ஆட்களைப் பெறுவதற்காக வைத்திருக்கிற குலுக்கல். ஒரு இழுப்புக்கு 160 கல், அந்தக் கல்லை ஆடியும் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். ஐந்து நட்சத்திர ஆள் கிடைக்கிற வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம், 90 இழுப்புக்குள் ஒருவர் நிச்சயம் வருவார், ஆனால் அது நீங்கள் கேட்ட ஆளாக இல்லாமலும் போகலாம், அப்படி ஆனால் இன்னொரு 90. ஆக மோசமான நிலைமைக்கு 28,800 கல். இந்தக் கணக்கை அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினோம். அவனே இப்போது ஆடிச் சம்பாதித்த கல்லைச் சேர்த்து வைத்துத்தான் இழுக்கிறான், எங்களிடம் காசு கேட்பதில்லை. பெரியவர்கள் செய்யவேண்டியது, பிள்ளைகள் கையில் போன் கொடுப்பதற்கு முன்னால் ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள், போனில் பணம் வைக்கிற இவாலட்டையும் அதோடு இணைத்து வைக்காதீர்கள்.

ஹாலோ நைட் சில்க்சாங் 2025 செப்டம்பர் 4ஆம் தேதி வந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிற ரொம்பச் சின்னக் குழு ஒன்று வருஷக்கணக்காகச் செய்த, தாவித் தாவிச் சண்டை போடுகிற ஆட்டம், வெளிவந்த அன்றைக்குப் பெரிய பெரிய ஆட்டக் கடைகளே திணறிப்போயின. அழகு என்றால் அவ்வளவு அழகு, கோடு கோடாகக் கையால் வரைந்த குகைகள், பின்னாலே மணியோசை. ஆனால் இரவு ஷிப்டு முடிந்து வந்த கைக்கு இது ஒத்துவராது. எதிரிகள் பலர் ஒரே அடியில் இரண்டு உயிரை எடுப்பார்கள், ஆரம்பத்தில் நமக்கு இருப்பதே ஐந்து. நான் ஓய்வு நாளில் காலையில் மட்டும்தான் ஆடுகிறேன், பசியாறினபிறகு, தலை தெளிவாக இருக்கும்போது.

இதில் சேமிப்பது பெஞ்சில். மெனுவிலிருந்து வெளியேறினால் எடுத்த பொருள் எல்லாம் இருக்கும், ஆனால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில்தான் மறுபடி எழுவீர்கள். ஆகவே புது இடத்துக்குள் போனதும் சண்டையை விட்டுவிட்டு முதலில் பெஞ்சைத் தேடுங்கள். செத்தால், காசு மாதிரிப் பயன்படுகிற உதிரி மணிகள் கையில் இருப்பவை செத்த இடத்திலேயே கூட்டுக்குள் கிடக்கும், திரும்பிப் போய் எடுப்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் போனது போனதுதான். உதிரி மணியைக் கோத்து மாலையாக ஆக்கிக்கொண்டால் அது செத்தாலும் போகாது. கோப்பதற்குக் கொஞ்சம் செலவாகும், கொடுங்கள். பெரிய எதிரி இருக்கிற கதவுக்கு முன்னால் வந்துவிட்டீர்கள் என்றால் கட்டாயம் கொடுங்கள். இன்னொன்று, கீழ்நோக்கி அடிக்கிற அடி இதில் நேராக இறங்காமல் சாய்வாகப் போகும், இதற்கு முந்தின ஆட்டமான ஹாலோ நைட்டை ஆடியவர்களுக்குத்தான் இது அதிகம் உறுத்துகிறது. பழக முடியாவிட்டால், அடிக்கிற விதத்தை மாற்றுகிற சின்னங்களில் நேராக அடிக்கிற ஒன்றும் கிடைக்கும், அதைத் தேடி மாட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த மாதிரி கடினமான ஆட்டத்தை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு: ஸ்டீம் என்கிற இணைய ஆட்டக் கடையில் வாங்கி 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் வாங்கிய அன்றைக்கே, ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிகிற நாளாகப் பார்த்துத் திறங்கள். திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனால் அந்த நேரமும் ஆடிய கணக்கில் ஏறும்.

வெண்பா மட்டும் நான் தனியாக ஆடவில்லை. டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் செய்தது, 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு தம்பதியின் கதை, நடுநடுவே சமையல். 2024இல் பாஃப்டாவில் சிறந்த முதல் ஆட்டத்துக்கான விருது வாங்கியது. அந்தப் பெண்ணிடம் அவள் அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பு இருக்கிறது, கிழிந்தும் அழிந்தும் போன பக்கங்கள், விட்டுப்போன வரியை நாம்தான் யோசித்து நிரப்பவேண்டும். தப்பினால் தண்டனை ஒன்றும் கிடையாது, மறுபடி செய்யலாம்.

முதல் பலகாரம் இட்லி. நான் தட்டை எடுக்கப் போனபோதே அம்மா, "மொதல்ல சட்டியில தண்ணி ஊத்துப்பா" என்று அதட்டினார், குறிப்பில் அந்த வரியை நான் இன்னும் படிக்கவே இல்லை. புட்டு வந்தபோது மவுஸையே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தேங்காய், மாவு, தேங்காய், மாவு. அவர் வாழ்க்கையில் முதன்முதலாக ஆடிய வீடியோ கேம் அதுதான். பிறகு கதையில் பையன் வளருகிறான், வீட்டில் பேச்சைக் குறைக்கிறான், பேரை மாற்றிச் சொல்லிக்கொள்கிறான், தூரமாக வேலைக்குப் போகிறான். அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டில் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்க விதி இடம் கொடுக்கும், தயவு செய்து கேட்காதீர்கள். நம் வீட்டு அடுப்படியை இவ்வளவு அக்கறையாக ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களுக்கு அந்தக் காசு போய்ச் சேரவேண்டும்.

பள்ளி விடுமுறை ஆரம்பித்ததிலிருந்து அக்கா மகனும் நானும் ஸ்டார்டியூவில் ஒரே தோட்டத்தில் சேர்ந்து ஆடுகிறோம். ஒரே லேப்டாப் போதும், திரையைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம், இரண்டாவது ஆளுக்கு ஒரு கன்ட்ரோலர் மட்டும் வேண்டும். இதை ஆரம்பிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆரம்பிக்கவேண்டும்: சேர்ந்து ஆடும்போது ஒருவர் மெனுவைத் திறந்தால் கடிகாரம் நிற்காது. தனியாக ஆடும்போது கிடைத்த அந்த வசதி போய்விடுகிறது. நாள் முடியவும் இரண்டு பேரும் படுத்தாகவேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம், யாரை யார் கூப்பிட்டாலும் அந்த நாளை முடித்துவிட்டுத்தான் எழுவது, கூப்பிட்டது அம்மாவாக இருந்தால் மட்டும் இரண்டு பேரும் உடனே கட்டிலுக்கு ஓடுவது. காசையும் முதல் நாளே தனித்தனிப் பையாகப் பிரித்துக்கொண்டோம், ஆட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. அவனுக்குக் கோழி வேண்டும், எனக்குத் தண்ணீர் தானாகத் தெளிக்கிற கருவி வேண்டும், பொதுப் பையில் இருந்தால் விதை வாங்கக்கூட மிஞ்சாது. மரங்களுக்கு வாளி மாட்டுகிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான், எந்த மரத்தில் எத்தனை நாளாகிறது என்று பாட்டியிடம் தினமும் கணக்குச் சொல்கிறான்.